ஏரிக்கரைப் புல்லும் ஒரு சந்தேகப் பிறையும்

திருச்சிராப்பள்ளி பெரிய கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த கியாசுதீன் சாயபு, ஐம்பது வயது தாண்டியும் கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. தான் விற்கிற சரக்கைத் தானே அனுபவிக்காமல் இருப்பது ஒரு தொழில் ஒழுக்கம் என்று கடைவீதிக்காரர்கள் இதற்கு மரியாதையான காரணம் ஒன்றைக் கற்பித்திருந்தார்கள். அவருடைய மனைவி நஜ்முன்னிசாவுக்கு மட்டும் வேறு அபிப்பிராயம்.

"தபால் பெட்டிக்கு ஸலாம் சொல்லிட்டு, அது பதில் சொல்லலேன்னு வீட்டுல வந்து வருத்தப்பட்ட மனுஷன்" என்று தன் அக்கா சாரா பீவியிடம் அவள் சொல்லியிருக்கிறாள். "செவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு யாரோ பெரிய மனுஷன் நிக்கறதா நெனச்சாராம். ரெண்டு நாளா அவங்களுக்கு நம்ம மேல என்ன கோவமோன்னு ஒரே யோசனை."

கண் குறைபாடு மனிதருக்கு வரக்கூடியதுதான். கியாசுதீனுக்கு அதைவிடப் பெரிய குணம் ஒன்று இருந்தது. அதன் பெயர் சந்தேகம். அவருடைய வாழ்க்கையைச் சொல்வதென்றால் அவர் எதையெதைச் சந்தேகப்பட்டார் என்று வரிசையாகச் சொன்னாலே போதும். ஆனால் படிக்கிறவர்களுக்கும் ஆயுசு என்று ஒன்று இருக்கிறது. கடைக்கு ஒருவர் வந்து, எழுத்து அட்டையைப் பார்த்து, "இந்தக் கண்ணாடியில நல்லாத் தெரியுதுங்க" என்று சொன்னால், வேறு வியாபாரியாக இருந்தால் அதைத் துடைத்துக் கூட்டில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவார். கியாசுதீன், "நிச்சயமா?" என்பார். "நிச்சயமாங்க" என்பார் வந்தவர். "அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுங்க. அந்த 'ன' சுழி தெளிவா இருக்கா, இல்லே இருக்கற மாதிரி தோணுதா?" வந்தவர் மறுபடி பார்ப்பார். மூன்றாம் தடவை பார்க்கும்போது அவருக்கே சுழி ஆடும். கண்ணாடி வாங்க வந்தவர்கள் பலர் தங்களுக்குக் கண்ணே இருக்கிறதா என்ற கவலையோடு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிற ஐயங்கார் ஸ்வாமி ஒருவர் மட்டும் அந்தக் கடையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். இரண்டு பஞ்சாங்கங்கள் ஏகாதசியை இரண்டு நாளாகப் போட்டுவிட்டால் எந்த நாள் உபவாசம் இருப்பது என்பது அவருடைய துக்கம். கியாசுதீன் அதைக் கண்ணில் நீர் தளும்பக் கேட்பார். "ரெண்டு நாளும் இருந்துட்டா?" என்பார். "தேவரீர் சொல்றது சரிதான், ஆனா துவாதசியில விரதம் முடிக்கற பாரணை என்னாறது" என்பார் ஐயங்கார். இருவரும் பெருமூச்சு விடுவார்கள். காவிரிக்கு இரண்டு பக்கமும் அவ்வளவு ஒற்றுமையான இரண்டு ஆத்மாக்கள் அந்தக் காலத்தில் இல்லை.

இப்பேர்ப்பட்டவரை அவர் வட்டாரத்து மஹல்லாப் பள்ளிவாசலில் எதற்குப் போட்டிருப்பார்கள் என்று யோசித்தால் தெரிந்துவிடும். பிறை பார்க்கப் போட்டிருந்தார்கள்.

மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலை, பள்ளிவாசல் மாடியில் ஏறி மேற்கே பார்க்க வேண்டும். பிறை தெரிந்தால் அந்த மாதம் முடிந்தது. தெரியாவிட்டால் இன்னொரு நாள் சேர்த்து முப்பதாக எண்ண வேண்டும். கியாசுதீன் மாடியில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்கே வெறித்து நிற்பார். அந்தத் திசையில் ஒரு யானை நின்றிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் நிற்கிற நிலையில் ஒரு கம்பீரம் இருந்தது. யாராவது இரண்டு பேர், "தெரிஞ்சுருச்சு" என்று சொல்லும்போதுதான் அவர் வேலை ஆரம்பிக்கும். பிறையின் கொம்பு எந்தப் பக்கம் பார்த்தது, மேகத்துக்கு மேலேயா கீழேயா, முதலில் பார்த்தது வலது கண்ணா இடது கண்ணா என்று கோர்ட்டு வக்கீல் கணக்காகக் கேட்பார். பதில் சொல்லித் தப்பியவர்களின் பிறைதான் எங்கள் பக்கத்தில் பிறை. மற்ற மஹல்லாக்களில் பெருநாள் முடிந்து கறி தீர்ந்துபோன பிறகும் எங்கள் தெருவில் நோன்பு நடந்துகொண்டிருந்த வருஷங்கள் உண்டு.

இதனால் ஊருக்கு வந்த கஷ்டத்தை ஊர் பொறுத்துக்கொண்டது. நஜ்முன்னிசாவுக்கு வந்த கஷ்டத்தைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

சபர் என்ற பிறை மாதத்தின் கடைசிப் புதன்கிழமையை ஒடுக்கத்துப் புதன் என்பார்கள். அன்றைக்கு மா இலையில் ஓதி எழுதி, தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, குடும்பம் குடும்பமாக ஆற்றங்கரைக்கோ தோப்புக்கோ ஏரிக்கோ போய்ப் பசும்புல்லை மிதித்து வருவது வழக்கம். வருஷத்துப் பீடை, பலாய் முஸீபத்தெல்லாம் புல்லோடு போய்விடும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். மார்க்கக் கிதாபில் இதற்கு ஆதாரம் இல்லை என்று பள்ளிவாசல் ஹஜரத் சொன்னார். ஆதாரம் இருந்ததோ இல்லையோ, சந்துக்குள் வீடும் வீட்டுக்குள் கூடமுமாக வருஷம் முழுக்க இருக்கிற பெண்களுக்கு வானத்தின் கீழே காலை நீட்டி உட்கார அந்த ஒரு நாள்தான் இருந்தது. ஹஜரத்தின் வீட்டுப் பெண்கள்தான் முதல் வண்டியில் போவார்கள்.

நஜ்முன்னிசா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு வருஷம் கியாசுதீனின் கணக்கும் பெரிய பள்ளிவாசல் கணக்கும் ஒரு நாள் வித்தியாசப்பட்டு, எது சபர் என்று தீர்வதற்குள் சபர் போய்விட்டது. மறு வருஷம் ஊரில் காலரா. அதற்கடுத்த வருஷம் எல்லாம் சரியாக இருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, போன மாதம் பிறை சொன்ன சாட்சிகளில் ஒருவருக்கு மாலைக்கண் என்று யாரோ சொன்னார்கள். கியாசுதீன் வண்டியை அவிழ்க்கச் சொல்லிவிட்டார். கட்டுச் சோற்றைக் கூடத்திலேயே பிரித்துச் சாப்பிட்டார்கள். அன்றைக்கு நஜ்முன்னிசா ஒரு வார்த்தையும் பேசவில்லை. நிலைமை மோசம் என்பது கியாசுதீனுக்கே தெரிந்தது. நிச்சயமாகத் தெரிந்தது என்று சொல்ல முடியாது.

பிறகு வந்தது யுத்தம் மும்முரமாக நடந்த அந்த வருஷம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் முதுகில் ஒரு கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. மணப்பாறை ரோட்டில் கருங்கரட்டு ஏரிக்கரையில் காட்டிலாகா ஒரு பூங்கா வைத்திருக்கிறது, மரமும் நிழலும் ஜமுக்காளம் விரித்த மாதிரி புல்லுமாகக் கிடக்கிறது என்று பேச்சு கிளம்பி, இந்த வருஷம் புதனுக்கு அங்கேதான் என்று பெண்களெல்லாம் தீர்மானித்துவிட்டார்கள்.

தீர்மானித்தது பெண்கள். புதன் எது என்று சொல்ல வேண்டியது கியாசுதீன்.

அந்த வருஷம் சபர் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மாலை பிறை தெரியாவிட்டால் மறுநாள் புதன், முப்பதாம் நாள், அதுவே ஒடுக்கத்துப் புதன். பிறை தெரிந்துவிட்டாலோ மாதம் செவ்வாயோடு சரி. ஒடுக்கத்துப் புதன் என்பது போன வாரமே வந்து போய்விட்டது என்று அர்த்தம். ஆக, முந்தைய புதனில் நிற்கிறவனுக்கு அது கடைசியா இல்லையா என்று தெரிய வழியே இல்லை. சந்தேகப்படுவதற்கென்றே பிறந்த ஒருவருக்கு ஆண்டவன் அனுப்பிய பரிசு அந்த மாதம்.

சாரா பீவி பாலக்கரையிலிருந்து வந்தாள். "எதுக்கு வம்பு? நாங்க வர புதனே போயிடறோம். நீயும் வந்துரு" என்றாள்.

கியாசுதீன் தொண்டையைக் கனைத்தார். "கடைசின்னு தெரியாத புதனைக் கடைசின்னு சொல்லிப் போறது பொய்."

"மச்சான், போறது புல்லு மிதிக்க. கோர்ட்டுல சத்தியம் பண்றதுக்கு இல்லே" என்றான் ஜமால். இவன் நஜ்முன்னிசாவின் தம்பி. எதையும் இரண்டு தடவை யோசிக்காதவன்.

"அடுத்த புதன் கண்டிப்பாப் போறோம்" என்றார் கியாசுதீன். பிறகு மனசாட்சி உறுத்தி, "பிறை தெரியாம இருந்தா" என்று சேர்த்துக்கொண்டார்.

தெரு இரண்டு கட்சியாயிற்று. முதல் புதன்காரர்கள் சாரா பீவியோடு போய், கன்னமெல்லாம் வெயில் ஏறித் திரும்பி வந்தார்கள். "ஏரித் தண்ணி காலை நக்குது. காத்து என்னடான்னா முக்காட்டப் புடுங்குது. புல்லுல கால வச்சா எடுக்க மனசே வரலே" என்று சாரா பீவி சொல்லச் சொல்ல, நஜ்முன்னிசா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அரிசியைவிடக் கல்லே அதிகம் இருப்பது போல அவள் முகம் இருந்தது.

இரண்டாம் புதன்காரர்களுக்கு இன்னொரு தொல்லை இருந்தது. செவ்வாய் மாலை ஊரில் பிறை பார்த்து, தீர்ப்பு வந்து, அப்புறம் சமைத்து, புதன் காலையில் கரி பஸ்ஸைக் கிளப்பி மணப்பாறை ரோட்டில் போவதென்றால், ஏரியை வியாழக்கிழமைதான் பார்க்கலாம். ஆகவே செவ்வாய் மத்தியானமே பஸ்ஸில் போய்விடுவது, ஏரிக்கரையிலேயே பிறை பார்ப்பது, தெரியாவிட்டால் தங்கி மறுநாள் புல் மிதிப்பது, தெரிந்தால் இறங்காமல் அப்படியே திரும்பிவிடுவது என்று கியாசுதீன் ஏற்பாடு செய்தார். கல்யாணத்துக்குப் பந்தல் போட்டு, ஜனத்தைக் கூட்டி, அப்புறம் மாப்பிள்ளை உண்டா என்று விசாரிப்பது போன்ற ஏற்பாடு இது. நஜ்முன்னிசா புளிச்சோறு கிளறினாள். கடையிலிருந்து ஜமால் மூலமாக ஏதோ வரவழைத்து ஒரு கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டிரைவர் பெரியண்ணன் கரி அடுப்பை ஊதி ஊதி, முகம் கறுத்து, பஸ்ஸைக் கிளப்பினார். மேடு வந்த இடத்தில் ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். மணப்பாறைப் பக்கத்து முறுக்கு ஒரு கூடை வாங்கினார்கள்; அதில் பாதிதான் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது. வழியெல்லாம் பெண்கள் படுதாவுக்குப் பின்னால் வானத்தைப் பற்றியே பேசினார்கள். கொஞ்சம் மேகம் இருந்தால் நல்லது என்று பொதுவான அபிப்பிராயம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மழையை எதிர்பார்த்து நின்ற குடியானவர்களும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தரப்பின் வேண்டுதலும் ஏறவில்லை. வானம் கழுவித் துடைத்த தாம்பாளம் மாதிரி இருந்தது.

ஏரி நன்றாகத்தான் இருந்தது. ரோட்டை ஒட்டிப் புளிய மரங்கள், அதற்கப்பால் ஒரு கம்பி வேலி, வேலிக்கப்பால் இலுப்பையும் மருதுமாக அடர்ந்த தோப்பு, தோப்புக்குள் தண்ணீர் வரைக்கும் ஒரே புல். அந்தப் புல்லின் நடுவே ஒரு பலகை நின்றது. புல்தரையில் நடப்பது தண்டனைக்குரியது என்று அதில் எழுதியிருந்தது. உல்லாசமாகப் பொழுது போக்குவதற்கென்று சர்க்கார் ஒரு பூங்கா வைத்தால் முதலில் வைக்கிற சாமான் அதுதான்.

பலகையின் பக்கத்திலிருந்து காவல்காரர் அமிர்தசாமி எழுந்து வந்தார்.

"சாயபுமாருக்கு ஒடுக்கத்துப் புதனன்னிக்கு மட்டும் நடக்கலாம்னு ரேஞ்சர் ஐயா வாயால உத்தரவு போட்டிருக்காருங்க" என்றார். "ஆனா போன வாரமே ஒரு கூட்டம் வந்து அதான் கடைசிப் புதன்னு சொல்லி நடந்துட்டுப் போயிட்டாங்க. வருஷத்துக்கு எத்தனை கடைசிங்க உங்களுக்கு?"

"ஒண்ணுதான்" என்றார் கியாசுதீன் வேதனையோடு. "எதுன்னு இன்னிக்குப் பொழுது சாஞ்சு மஃரிபுக்குத் தெரியும்."

"அப்ப சரி. நீங்கதான் பிறை பாக்கற பெரியவர்னு சொல்றாங்க. நீங்க நாளைக்குப் புதன்னு சொன்னா நாளைக்குப் புல்லு உங்களுது. இல்லேன்னா இல்லே. தண்ணி மொள்ள ஒரு ஆள் ரெண்டு ஆள் போகலாம். அது தேவை. உலாத்தக் கூடாது."

இப்படியாக நஜ்முன்னிசாவுக்கும் அந்தப் புல்லுக்கும் நடுவே இருந்த மார்க்கத் தடையும் சர்க்கார் தடையும் ஒரே மனிதரின் கண்ணில் வந்து நின்றன. அந்தக் கண்ணோ எதிரே நிற்கிற பஸ்ஸின் நம்பரைப் படிக்காது.

சூரியன் ஏரிக்குள் இறங்கினான். கியாசுதீன் ரோட்டோர மதகின் கட்டைச் சுவரில் ஏறிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தீர்ப்பு வரும்வரை பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் மறுபடி ஏற்ற முடியாது என்பது அவர் அனுபவம். படுதாவுக்குப் பின்னால் கொசு அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

மருத மரத்துக்குச் சற்று மேலே, நகத்தைக் கிள்ளிப் போட்ட மாதிரி, பிறை நின்றது.

"ஒண்ணும் இல்லே மச்சான்" என்றான் ஜமால்.

"இல்லவே இல்லை" என்றார் இன்னொருவர்.

"சுத்தமா இல்லீங்க" என்றார் மேற்குக்கு முதுகைக் காட்டி நின்ற மூன்றாமவர்.

அந்தக் கூட்டத்தில் பொய் சொல்லிப் பழக்கமுள்ளவர்கள் யாரும் கிடையாது. அதனால்தான் அவ்வளவு அவசரமாகச் சொன்னார்கள். இத்தனை வருஷத்தில் சாட்சிகள் எவரும் கியாசுதீனுக்கு இவ்வளவு ஒற்றுமையாகப் பதில் சொன்னதில்லை. அந்த ஒற்றுமையே அவருக்குச் சந்தேகமாகப் பட்டது.

அந்த நேரம் பார்த்துப் பெரியண்ணன் கரிக் கையைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து வந்தார். மேற்கே பார்த்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"மூணாம் பிறை. வந்த எடத்துல நல்ல தரிசனம்" என்றார் திருப்தியோடு.

எல்லோரும் பெரியண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெரியண்ணே, நீங்க போய்க் கரியைப் பாருங்க" என்றான் ஜமால், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கரி எங்கே இருக்கு? அது வழியிலேயே தீந்துபோச்சே. நாளைக்குப் பக்கத்து ஊருல போய் வாங்கியாந்தாத்தான் உண்டு. வெளக்குக்கும் யுத்தத்துக்குன்னு கறுப்புத் துணி கட்டியாச்சு. நான் என்ன பாய் தப்பாச் சொல்லிட்டேன்? அந்தா நிக்குதே."

கியாசுதீன் நீண்ட நேரம் யோசித்தார். "இந்த விஷயத்துல அவர் சாட்சி செல்லாது" என்றார். எல்லோரும் மூச்சு விட்டார்கள். "ஆனா சந்தேகம் வந்துருச்சு" என்றார்.

படுதாவுக்குப் பின்னாலிருந்து நஜ்முன்னிசாவின் குரல் வந்தது. "என்னங்க, இருக்கா இல்லையா?"

"பொறு."

"இல்லேன்னுதானே சொல்றாங்க?"

"அவங்க சொல்றாங்க."

"அப்ப எறங்கலாமா?"

"இல்லேன்னு நான் இன்னும் சொல்லலியே."

"அப்ப இருக்கா?"

"அதையும் சொல்லலே."

பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நஜ்முன்னிசா வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கி, நேரே மதகுக்கு வந்தாள். வருகிற வழியிலேயே மேற்கே பார்த்தாள். அவள் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு இடுப்பிலிருந்த கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மூன்று மூக்குக் கண்ணாடிகள் இருந்தன.

ஜமாலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அக்கா, வேணாம்க்கா" என்றான் மெதுவாக. "போட்டா எல்லாம் போச்சு. புல்லும் போச்சு."

"போகட்டும்டா. போறதைத் தாங்கிக்கலாம். இந்தப் பொறு பொறுன்னு அந்தரத்துல தொங்கறதைத்தான் என்னால தாங்க முடியலே."

"பிறை பாக்கறவன் கண்ணாடி போட்டா சாட்சி கண்ணோடதா, கண்ணாடியோடதான்னு ஒரு கேள்வி இருக்கு" என்றார் கியாசுதீன், கட்டைச் சுவரில் இன்னும் ஓரமாக நகர்ந்து.

"இருக்கட்டும். நாளைக்குக் கேட்டுக்கலாம். மூக்கக் காட்டுங்க."

முதல் கண்ணாடியில் அவர் ஏரியையே காணோம் என்றார். இரண்டாவது பரவாயில்லை என்றார். மூன்றாவதைப் போட்டதும் வாயைத் திறந்தபடி நின்றார்.

"தெளிவா இருக்கா?" என்றாள் நஜ்முன்னிசா. "நிச்சயமா? இல்லே இருக்கற மாதிரி தோணுதா?"

"மைனஸ் மூணு" என்றார் கியாசுதீன். "மணப்பாறை மாட்டுத் தரகர் சரியில்லேன்னு திருப்பிக் குடுத்தது. நல்ல கண்ணாடி." பிறகு குரல் இறங்கியது. "எவ்வளவு மெல்லிசா இருக்கு. இவ்வளவு மெல்லிசுன்னு எனக்கு ஞாபகமே இல்லே."

பிறை கண்டதற்கான துஆ ஓதினார். திரும்பினார். ஜமாலையும் மற்றவர்களையும் பார்த்தார். ஒவ்வொருவரும் பிறையைப் பார்த்தவர்களுடைய முகத்தோடு நின்றார்கள். பிறகு மனைவியைப் பார்த்தார். ஒரு கை தூரத்துக்கு அப்பால் அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்பது பல வருஷங்களுக்குப் பிறகு அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த ஏமாற்றமும் மெல்லிசாகத்தான் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கலாம். அது அப்படி இல்லை.

ஆனாலும் அவர் கியாசுதீன். "பிறை இருக்கு" என்றார். "சபர் முடிஞ்சுது. நாளைக்கு வெறும் புதன்."

"அப்ப புல்லு கெடையாதுங்க" என்றார் அமிர்தசாமி. உத்தரவு உத்தரவுதான்.

திரும்பிப் போகவும் கரி இல்லை. பெண்கள் பஸ்ஸிலும் ஆண்கள் ரோட்டோரத்துச் சாவடியிலுமாகப் படுத்து எழுந்தார்கள். விடிந்ததும் பெரியண்ணன் சாக்கை எடுத்துக்கொண்டு கரி தேடிப் போனார். சாயந்தரத்துக்குள் வந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை இருந்தது. ஏரி இருந்தது. கூடையில் புளிச்சோறும் பொரித்த கறியும் இருந்தன. புல்லோ, பனி காயாமல், சர்க்கார் பலகையைச் சுற்றிலும் வஞ்சனையில்லாமல் விளைந்திருந்தது. ரோட்டோரப் புழுதியில் புளிய மரத்தடியில் பாய் விரித்துக்கொண்டு இரண்டாம் புதன்காரர்கள் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பலகாரக் கடைக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நிற்கிற குழந்தைகள் கூட இவ்வளவு சோகமாக நிற்பதில்லை. ஒரு மயில் வந்து, யாரையும் கேட்காமல் புல்லில் உலாத்திவிட்டுப் போயிற்று. அமிர்தசாமி அதை ஒன்றும் சொல்லவில்லை.

நஜ்முன்னிசா யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் இலையில் சோறு வைத்தாள். கணவர் இலையில் கறி இரண்டு துண்டு அதிகமாகவே வைத்தாள். அது கியாசுதீனைக் கண்ணாடியைவிட அதிகமாகத் தொந்தரவு செய்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டே அவளைப் பார்த்தார். அவள் அவரைத் தாண்டிப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியான லுஹர் தொழுகை நேரம் வந்தபோது, கை கால் முகம் கழுவி ஒளுச் செய்யக் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்திருந்தது. கியாசுதீன் எழுந்தார். வேலியின் திட்டிவாசலைத் தாண்டிப் புல்லில் காலை வைத்தவர், கொக்கு மாதிரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

"என்னங்க?" என்றாள் நஜ்முன்னிசா.

"தரை பள்ளமா இருக்கு."

"புதுக் கண்ணாடிக்கு அப்படித்தான் இருக்கும்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்வீங்க. கழட்டுங்க."

"கழட்டினா தரையே இல்லே."

அவர் இன்னொரு எட்டு வைத்தார். இல்லாத படி ஒன்றில் ஏறி, இல்லாத குழி ஒன்றில் இறங்கி, கைகளை விரித்துத் தள்ளாடினார். நஜ்முன்னிசா பெருமூச்சு விட்டு எழுந்தாள். செருப்பை ரோட்டிலேயே கழற்றிவிட்டுப் போய் அவர் கையைப் பிடித்தாள்.

அமிர்தசாமி வந்துவிட்டார். "அம்மா எங்கங்க?"

"தண்ணிக்குப் போறவனுக்குத் துணை" என்றார் கியாசுதீன். "தேவை."

அமிர்தசாமி அவருடைய கண்ணாடியையும் தூக்கிய காலையும் பார்த்தார். "தேவைன்னா சரிங்க. உலாத்தாம இருந்தாச் சரி."

இரண்டு பேரும் ஏரி வரைக்கும் போனார்கள். போகும்போது அவர் காலை உயர உயரத் தூக்கி வைத்தார். அவள் காலைத் தரையோடு தேய்த்து, விரல்களை அகட்டி, ஒவ்வொரு அடியாக வைத்தாள். தண்ணீரில் கணுக்கால் வரை நின்றாள். ஒளுவை முடித்துக்கொண்டு அவர் திரும்பினார். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அவளும் திரும்பினாள். பாயில் தொழுதார். தொழுது முடித்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு, சிறிது நேரம் ஏரியைப் பார்த்தார்.

"ஒளு முறிஞ்ச மாதிரி ஒரு சந்தேகம்" என்றார்.

வெறும் சந்தேகத்தால் ஒளு முறியாது, மறுபடி கழுவத் தேவையில்லை என்பது மதரசாவில் முதல் வருஷத்துப் பாடம். அடுத்த தொழுகைக்கும் நேரம் நிறைய இருந்தது. இரண்டும் அவருக்குத் தெரியாதவை அல்ல. நஜ்முன்னிசா அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள்.

இந்தத் தடவை அவர் வேறு பக்கமாக நடந்தார். "அந்த மருத மரத்துக்கு அப்பால தண்ணி தெளிவா இருக்கும்போல இருக்கு" என்று அமிர்தசாமியிடம் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் தடவை அதற்கும் அப்பால் ஓர் இலுப்பை மரம் இருந்தது. நான்காம் தடவை அவர் கிளம்பியபோது ஜமால் தன் மனைவியைப் பார்த்து, "எனக்கும் ஒரு சந்தேகம். கண்ணு வேற கூசுது" என்றான். இரண்டாம் புதன்காரர்கள் அத்தனை பேரும், வருஷம் முழுக்க எதையுமே சந்தேகப்படாதவர்கள், ஒருவர் பின் ஒருவராகச் சந்தேகத்தில் விழுந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கை பிடிக்க வீட்டில் ஆள் தேவைப்பட்டது.

அமிர்தசாமி பலகையில் சாய்ந்துகொண்டு தலையைப் பிடித்துக்கொண்டார். "சாயபு, ஒரு நாளைக்கு எத்தனை தடவைங்க கழுவுவீங்க?"

"தொழுகைக்கு அஞ்சு தடவை" என்றார் கியாசுதீன். "மத்தது சந்தேகம்."

வெயில் சாய்ந்தது. ரோட்டில் பெரியண்ணன் கரிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வருவது தெரிந்தது, கியாசுதீனுக்கும் தெரிந்தது. நஜ்முன்னிசா பாயைச் சுருட்ட ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். அவள் பாதமெல்லாம் பச்சைக் கறையாக இருந்தது.

"என்னங்க, பஸ்ஸை ஊதிக் கிளப்ப இன்னும் நேரம் ஆகும்."

"ஆகும்."

"ஒளு இருக்கா உங்களுக்கு?"

கியாசுதீன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிவாசல் மாடியில் நிற்கிற அதே கம்பீரத்தோடு, நெடுநேரம் யோசித்தார்.

"நிச்சயமாச் சொல்ல முடியலே" என்று கையை நீட்டினார்.